குடிக்காத தாள்

முதலில் வாங்கியது மூன்றே மைப்புட்டி.
மயில்நீலம், துரு, பெயர் வாசிக்க முடியாத ஓர் ஊதா.
ஏழு வாங்கினால் ஏழும் சேறாகும் என்றாள் மரிவிக்,
ஆய்வுகூடத்தில் எனக்கு அடுத்த நாற்காலியில்
இரத்தம் எடுப்பவள்,
சனிக்கிழமைகளில் வாழ்த்தட்டை செய்து விற்பவள்.

மகளின் கணக்குக் கொப்பியில் ஒரு துளி விட்டேன்.
தாள் உறிஞ்சிக்கொண்டு
உம்மென்று இருந்தது.
பின்பக்கம், அதற்கும் பின்பக்கம்,
பின்னங்களின் மேலெல்லாம் ஒரே ஊதாப் புள்ளி.

குடிக்காத தாள் என்று ஒன்று உண்டாம்.
பிளாஸ்டிக்கில் செய்தது.
அதில் பத்துத் தாளின் விலைக்கு
வின்னிபெக்கில், ஜனவரியில்கூட
மூன்று கிலோ வெண்டைக்காய் வாங்கலாம்.
ஆகவே குளியலறைக்கு ஒட்டி மிஞ்சிய டைல்.
வெள்ளை, நாலங்குலச் சதுரம், பதினொன்று.
தயாபரன் அளந்து வாங்கும் எதிலும்
மிச்சம் இருக்கும்.

ஸ்பிரிட் மட்டும் எனக்குத் தெரிந்த சாமான்.
பதினாறு வருடம்
முழங்கை மடிப்புகளில் தேய்த்த வாசனை.
அதை முகர்ந்ததும் பெரிய ஆம்பிளைகள்
சுவரிலிருக்கும் கலண்டரைப் படிக்கத் தொடங்குவார்கள்.
மருந்துக்கடையில் பழக்கதோஷத்தில்
எழுபது வீதத்தை எடுத்துவிட்டேன்.
மிச்சம் முப்பதும் தண்ணீர். தோலுக்கு நல்லது,
மைக்கு ஆகாது, ஓரமெல்லாம் கலங்கிப்போகும்.
பனிச்சப்பாத்தை மறுபடி மாட்டிக்கொண்டு போய்
தொண்ணூற்றொன்பது.

கையுறை ஒரு சோடி
வேலையிடத்துப் பெட்டியிலிருந்து பைக்குள் வந்துவிட்டது.
கார்வரை போனேன்.
திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு ஸ்ட்ரோ. ஊதத்தான்,
மறந்தும் இழுக்கக்கூடாது.
தலைமுடி காயவைக்கும் மெஷின், குறைந்த வேகத்தில்.
காது குடையும் பஞ்சுக்குச்சி.
மேசைக்குப் பழைய ஷவர் திரை.

ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்கிறது புட்டி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
"உமக்கென்ன விசரே, ஹைட்ரோ பில் ஆர் கட்டுறது?"
ஒரு விரற்கடை திறந்தேன்.
நெருப்பும் கூடாதாம்.
முருகன் படத்தின் முன் எரிந்த திரியை
பஞ்சுக்குச்சியால் எண்ணெய்க்குள் தள்ளி
குளிரவைத்தேன்.
அவர் மயிலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு துளி நீலம்.
அதன் பக்கத்தில் ஒரு துளி ஸ்பிரிட்.
நீலம் எழும்பி ஓடியது,
வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல.
போன இடமெல்லாம் கறுத்த கரை,
கரையிலிருந்து ஒரு கிளை, கிளையில் ஒரு மயிர்க்கோடு.

தட்டுவேன், தடவுவேன்,
கையைப் பொத்திப் பிடியுங்கோ என்பேன்,
சுடுநீர்ப் பை வைப்பேன். அப்படியும்
கிழவர் பெட்ரென்கோவின் நாளம்
வெள்ளிக்கிழமைதோறும் ஒளிந்துகொள்ளும்.
இங்கே நான் தேடவேயில்லை.
தானே வந்து தானே பிரிகிறது.

காய்ந்துவிட்டது என்று குனிந்து பார்க்கையில்
புட்டியின் நுனியிலிருந்து தவறி ஒன்று விழுந்தது.
காய்ந்ததெல்லாம் மறுபடி ஈரம்.
கடவுளே என்றேன்.
பிறகு வேண்டுமென்றே இன்னொன்று விட்டேன்.

மேலே வார்னிஷ் அடிக்க வேண்டும்.
வெளியில் வைத்து, பத்துப் பாகைக்கு மேல் என்று போட்டிருக்கிறது.
அதற்கு மே மாதம் வரவேண்டும்.
அதுவரை பிரிட்ஜின் மேல், யார் கையும் படாமல்.

என் கைதான் பட்டது.
மாலை வேலையால் வந்த கையோடு,
வாசலில் பூசிய கிருமிநாசினி உலருமுன்
தயாபரனுக்குக் காட்ட எடுத்தேன்.
நீலம் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது.
டைலில் வெள்ளையாய் ஒரு ரேகைச் சுழி.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.
"இதில என்ன, குளமா?"
"ஓம்."
"ஆரோ இறங்கியிருக்கினம்."

வெள்ளிக்கிழமை
எல்லாம் கழுவிப் போய் நகக்கண்ணில் மட்டும் நீலம்,
கையுறைக்குள்.
கையைப் பொத்திப் பிடியுங்கோ என்றேன் பெட்ரென்கோவிடம்.
இன்னும் பத்து டைல் இருக்கிறது.