மறுபடியும் வையுங்கள்

வெள்ளைக் களிமண்ணை
விடிவதற்குள் பிசைந்துவிட வேண்டும்.
ஏழு மணிக்கு மேல் ஆன்டாப்ஹில் காற்றில்
எல்லாம் மிதக்கிறது:
லாரிப் புகை, பக்கத்து அறைத் துணிப்பஞ்சு,
ஜெபின் பென்சில் சீவிய தூள்.
கறுப்பு பொறுத்துக்கொள்ளும்.
வெள்ளை, கண்டதையெல்லாம்
பூசிக்கொண்டு நிற்கும்.

நாற்பது ஜோடி இட்லிக் கம்மல்,
கோரேகாவில் ஒரு கல்யாணத்துக்கு.
பழைய பல்பிரஷ்ஷால் ஒற்றினால்
இட்லிக்கு மேல்தோல் வந்துவிடும்.
கறுப்பைத் துருவினால் கடுகு.
வடைக்கு ஊசியால் ஒரு துளை, போதும்.
நூற்றி முப்பது டிகிரி, அரை மணி நேரம்.
கொஞ்சம் அசந்தால்
இட்லி பழுத்து ஆப்பமாகிவிடும்.
அந்த ஓவனில் கேக் சுடக்கூடாது என்பதை மட்டும்
ஜெபின் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்புறம் உப்புத்தாள்.
நானூறு, எண்ணூறு, இரண்டாயிரம்.
தண்ணீரில் நனைத்து
இட்லியின் ஓரம் வழவழக்கும்வரை.

வங்கியில் கண்ணாடிமேல் விரல் வைத்தேன்.
சிவப்பு.
'போட் டேவா' என்றார் குமாஸ்தா.
கல்யாணமாகி வந்த புதிதில்
எந்தப் படகை, எங்கே வைப்பது என்று
விழித்திருக்கிறேன்.
மராத்தியில் போட் என்றால் விரல்.
வைத்தேன். துடைத்து வைத்தேன்.
ஊதி வைத்தேன்.
பின்னால் வரிசை இருமியது.
எஸ்தர் பொன்மலர், பொருந்தவில்லை.
'ரேகை தேய்ந்துபோச்சே,
பாத்திரம் தேய்க்கிற வேலையா?'
'இட்லி' என்றேன்.
அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டு வாசலில் ஒரு பார்சல்,
காட்கோபரிலிருந்து திரும்பி வந்தது.
கூடவே சீட்டு:
இட்லிக்கு அடியில் யாருடைய கைரேகையோ.
பணத்தைத் திருப்பித் தரவும்.

டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன்.
பட்டாணி அளவு அடிப்பக்கத்தில்
வளைந்து வளைந்து ஒரு சுழி.
அதைக் குறுக்கே வெட்டும் கோடு,
போன மழைக்காலத்தில் பிளேடு
வலது கட்டைவிரலில் இறங்கிய இடம்.
உப்புத்தாள் போடாமல் விட்ட ஒரே ஒரு பக்கம்.
ஜெபின் எட்டிப் பார்த்து
'அம்மா, இது நீ' என்றான்.
பணத்தைத் திருப்பி அனுப்பினேன்,
முந்நூற்று இருபது.

மறுநாள் அந்தக் கம்மலை மாட்டிக்கொண்டு
மறுபடியும் வங்கி.
விரல் மறுபடியும் சிவப்பு.
குமாஸ்தா இழுப்பறையைக் குடைந்து
வேறொரு கருவியை எடுத்து
கண்ணைக் காட்டச் சொன்னார்.
குனிந்தேன்.
இட்லி கன்னத்தில் இடித்தது.
'ஆடாதீங்க' என்றார்,
எனக்கா அதற்கா தெரியவில்லை.
பச்சை.

வரும் வழியில்
வெள்ளை இரண்டு பாக்கெட் வாங்கினேன்.