பதினேழாவது வரி

மூன்று ஸ்வெட்டர்.
மேலே சாம்பல், நடுவில் யாரோ கொடுத்த பச்சை,
உள்ளே அம்மாவுடையது, கையை மடித்துத் தைத்தது.
ஒவ்வொன்றாய் உரித்த பிறகுதான்
அன்மோலின் இடது தோளில்
துவரம்பருப்பு அளவுக்கு அந்த வடு.

பிறந்ததும் போட்ட ஊசி. நல்லது.
ஒரு கட்டத்தில் டிக் அடித்தேன்.
மற்ற ஊசிகள் எதுவும்
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை.
சொட்டு மருந்து நாக்கில் நிற்பதுமில்லை.

அட்டை எங்கே என்றேன்.
பிர்சமுனி பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து வைத்தது
மஞ்சளாய் ஒரு கூழ்.
ரயிலில் நனைந்து, லைன் வீட்டு ஒழுக்கில் நனைந்து,
காயவைத்த அடுப்பில் ஓரம் கருகி,
மிச்சம் அரை முத்திரையும்
அச்சடித்த குழந்தையின் ஒரு பக்கக் கன்னமும்.

பதிவேட்டில் ஆம் இருக்கிறது. இல்லை இருக்கிறது.
தெரியவில்லைக்குக் கட்டம் கிடையாது.
செல்போனிலும் அப்படித்தான்,
தேதி போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
எனக்கு முன்னால் இங்கே இருந்தவள்
பதினொரு பிள்ளைகளுக்கும்
ஒரே தேதியைப் போட்டு வைத்திருக்கிறாள்.
காலண்டரில் பார்த்தேன்.
ஞாயிற்றுக்கிழமை.

அவளைக் குறை சொல்ல எனக்கென்ன.
மாதக் கடைசி. மேற்பார்வையாளர்
மஞ்சூர் பஸ்ஸில் ஏறிவிட்டதாகத் தகவல்.
எனக்கும் கை துறுதுறுத்தது.
பேனாவை மூடிவிட்டுப்
பென்சிலைத் தேடினேன்.

பிர்சமுனிக்குத் தேதி தெரியாது, நாள் தெரியும்.
தொடையில் மூன்றாவது ஊசி போட்ட அன்று
வயலில் யானை இறங்கியது.
அம்மை ஊசிக்கு மறுநாள் மாமனார் செத்தார்.
அதற்கப்புறம்?
கையை விரித்தாள்.
அதற்கப்புறம் ரயில்.

மூன்றாம் டிவிஷனில்
தண்ணீர்த் தொட்டி வளைவில்தான் சிக்னல் இரண்டு கோடு.
காட்டெருமை நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய் நின்றோம்.
கும்லா பக்கம் ஏதோ ஒரு ஊரில் போன் அடித்தது.
சஹியா தீதி, என்று சொல்லி
என் கையில் கொடுத்துவிட்டாள்.

அந்த அம்மாளுக்குத் தமிழ் கிடையாது.
எனக்கு இந்தி, கொழுந்து எடை போடும் அளவுக்கு:
ஏக், தோ, தீன்.
பக்கம் புரளும் சத்தம் கேட்டது.
இங்கே கேட்கும் அதே சத்தம்,
தடித்த அட்டை, எச்சில் தொட்ட விரல்.
அன்மோல் குஜூர், என்றாள்.
அன்மோல் குஜூர், என்றேன்.
அவள் எண் சொல்லச் சொல்ல
உள்ளங்கையில் எழுதினேன், திருப்பிச் சொன்னேன்.
மேகம் இறங்கி வந்து மையை இளக்கியது.
வாயால் ஊதி ஊதி எழுதினேன்.

ஓரிடத்தில் அவள் நிறுத்தினாள்.
காலி, என்றாள்.

எனக்குப் புரிந்தது.
அந்த ஒரு சொல் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

வைப்பதற்கு முன் ஏதோ கேட்டாள்.
பிர்சமுனி தன் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினாள்,
இவ்வளவு உயரம் என்று, போனுக்கு.
நான் சொன்னேன்: தீன் ஸ்வெட்டர்.
அங்கே சிரிப்பு. பிறகு சிக்னல் போய்விட்டது.

புதன்கிழமை நர்ஸம்மா நீலப் பெட்டியோடு வந்தார்.
மறுபடி மூன்றையும் உரித்தோம், இந்த முறை வலது பக்கம்.
அன்மோல் அழவில்லை,
வரிசையில் பின்னால் நின்றவள் அழுதாள்.
பென்சிலை அழித்துவிட்டு மையால் எழுதினேன்.
காலியாய் இருந்த கட்டத்தில்
அன்றைய தேதி.

அந்தப் பதினொரு ஞாயிறுகளை
இனிமேல்தான் அடிக்க வேண்டும்.
அதற்குள் பதினெட்டாவது வரி.
அழுதாளே, அவள்தான். அசாமாம்.
அட்டையை எலி தின்றுவிட்டதாம்.
அசாமில் எங்கே, யாருடைய நம்பராவது இருக்கிறதா,
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.