சில்லறை பாக்கி

பீரோ ஒன்றுதான்.
மேல்தட்டில் கடன். கீழ்த்தட்டில் வழக்கு.
நடுவில் என் சாப்பாட்டுப் பை.
கரப்பான் எல்லாத் தட்டுக்கும் பொது.

தையல்நாயகி,
கணவர் பெயர் வைத்தியலிங்கம் (காலம்),
சுண்டல் வண்டி, கூறைநாடு.
மேல்தட்டில்
மயிலாடுதுறை நகராட்சிக்கு இருபதாயிரம் தர வேண்டியவர்.
கீழ்த்தட்டில்
அதே நகராட்சியிடம் எண்பத்து நாலாயிரம் கேட்பவர்.
கேட்பவர் என்றால்
இரண்டு வருடமாக, பதினொரு வாய்தாவாக.

கடைமுழுக்குக்கு முந்தின இரவு.
கூட்டம் வரும் என்று
ஒரு படி கடலை கூடுதலாக ஊறப்போட்டிருந்தாராம்.
பட்டமங்கலத் தெருவில் முழங்கால் மழைத்தண்ணீர்.
சக்கரம் முதலில் இறங்கியது,
பிறகு அடுப்பு, பிறகு அவர்.

எதிருரை எழுதியது நான்தான்.
வக்கீல் கையெழுத்து மட்டும் போட்டார்.
"வாதி சொல்லும் இடத்தில் ஆள்நுழைவுக் குழி ஏதும் இல்லை.
இருந்தாலும் அது மூடியிருந்தது.
மூடியிருக்கவில்லை என்றாலும்
வாதி பார்த்து நடந்திருக்க வேண்டும்."
ஒரே மூச்சில் மூன்று.
நல்ல எதிருரை என்றார் ஆணையர்.

கடனில் இவ்வளவு எழுத்து வேலை இல்லை.
மாதம் ஐந்தாம் தேதி
அறுநூற்று நாற்பத்தொன்பது.
கட்டுப் போட்டுக் கிடந்த நாலு மாதத்துக்கு
அபராத வட்டி தனி.
அறுநூற்று ஐம்பதாக வைத்துவிட்டு
மீதியைக் கேட்காமல்
காலை இழுத்து இழுத்துப் படியிறங்குவார்.
அவர் இறங்கி முடிக்கும்வரை
நான் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை கேட்டார்:
"நான் தரவேண்டியத அதுல கழிச்சுக்கிட்டு
மிச்சத்தக் குடுத்துடுங்களேன் சார்."
முடியாதும்மா, இது வேற தலைப்பு, அது வேற தலைப்பு.
"ஒங்களுக்குத் தலைப்பு ரெண்டு.
எனக்கு ஒடைஞ்ச காலு ஒண்ணுதானே."
பக்கத்து மேஜை சிரித்தது.
நான் ரசீதில் தேதியைத் தப்பாக எழுதி
அடித்துத் திருத்தினேன்.

ஐப்பசியில் கூரை ஒழுகியது.
கோப்புகளை இறக்கி
மின்விசிறிக்குக் கீழே பரப்பினோம்.
கடன் கோப்பில் பதினாலாம் பக்கம் ஒட்டியிருந்தது,
நகத்தால் பிரித்தேன்.
வண்டி நிற்கும் இடத்தின் வரைபடம்.
கடன் கொடுக்கும் முன் நாமே போய்
நாடா பிடித்து அளந்தது.
"ஆள்நுழைவுக் குழி எண் 17-க்குத் தெற்கே நாலடி.
மூடி உடைந்துள்ளது."
பணி மேற்பார்வையாளர் குஞ்சிதபாதம், பச்சை மையில்.
கீழே, சரிபார்க்கப்பட்டது,
என் சுருக்கொப்பம்.

அந்தப் பக்கம் நனைந்தே போயிருக்கலாம்.
கரப்பானைக் கூடச் சொல்லியிருக்கலாம்.
உலரட்டும் என்று மேலே
காகிதக் கல்லை வைத்துவிட்டு டீக்குப் போனேன்.
இரண்டு டீ.

ஐந்தாம் தேதி.
கடன் வாங்குனவங்க அவங்க கோப்புக்கு நகல் கேக்கலாம்,
பக்கத்துக்கு அஞ்சு ரூபாய், என்றேன்.
"எதுக்கு சார்?"
விதி இருக்குன்னு சொன்னேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
என் மேஜைமேல் காய்ந்து சுருண்டிருந்த
காகிதங்களைப் பார்த்தார்.
"எத்தனாம் பக்கம்?"
பதினாலு.

நகல் எடுத்தேன்.
'உண்மை நகல்' முத்திரை சரியாக விழவில்லை,
இன்னொன்று குத்தினேன்.
ஐந்து ரூபாயை இதர வருமானத்தில் வரவு வைத்தேன்.
அறுநூற்று ஐம்பதும் ஐந்துமாக அவர் வைத்த பணத்தை
எண்ணிப் போட்டுவிட்டு
வழக்கம்போல மேஜை இழுப்பறையைத் துழாவினேன்.

சில்லறை இல்லம்மா.
நகராட்சி ஒங்களுக்கு ஒரு ரூபாய் தரணும்.

படிவரை போனவர்
திரும்பி வந்தார், காலை இழுத்துக்கொண்டு,
அவசரமே இல்லாமல்.

"அத மட்டும்
எழுத்துல குடுத்துடுங்க சார்."