எடுக்காத அழைப்புகள்

குடவாசல் டவுன் பஸ்ஸில் போகிறவர்கள்
சம்பா வயலுக்கு நடுவில் நிற்கும் வெள்ளைக் கூடாரத்தைப் பார்த்து
பந்தலா, யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்கள்.
தக்காளிக்கு, என்கிறேன்.

இருபது குழி. பாதி மானியம், பாதி வீரையன் அனுப்பியது.

நெல்லுக்குத் தண்ணீர் தேக்கத் தெரியும் எனக்கு.
தக்காளிக்குத் தேக்கக் கூடாது என்பதை
முதல் நாற்பது நாற்றுகள் வேரழுகிச் செத்துச் சொல்லின.
எங்கள் களிமண் அப்படி:
ஈரத்தைப் பிடித்தால் விடாது,
காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வாய் பிளக்கும்.
ஆகவே பை.
பைக்குள் தேங்காய்நார்த் தூள்,
மூன்று தடவை அலசி உப்புப் போக்கியது.
சொட்டுக்குழாயில் காலை எட்டு நிமிஷம்,
மத்தியானம் ஐந்து.
வாய்க்காலையே வெட்டித் திருப்பிய கைக்கு
நிமிஷம் எண்ணுவது
கண்டக்டரிடம் சில்லறை எண்ணுவது மாதிரி இருந்தது.

இலைக் கக்கத்தில் முளைக்கிற பக்கக்கிளையைக்
கிள்ளிப் போடணும் என்றார் ஜெனிட்டா மேடம்,
தோட்டக்கலை ஆபீஸிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர்.
ஒரு செடிக்கு ஒரு தண்டு, ஒரு கயிறு.
உயிரோடு இருப்பதை எப்படிக் கிள்ளுவது?
முதல் வாரம் விட்டுவிட்டேன்.
இரண்டாம் வாரம் உள்ளே நுழைய முடியவில்லை.
அப்புறம் கிள்ளிக் கிள்ளி
விரல்நுனி பச்சைக் கறுப்பு;
சோற்றைப் பிசைந்தால் தக்காளி இலை வாசம்.

கார்த்திகையில் பூத்தது.
மூன்றாம் நாள் காம்போடு கொட்டியது.
வெள்ளை ஈ வரக்கூடாது என்று கட்டிய வலை
தேனீயையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.
வாடைக்காற்று வெளியே நெல்லைப் புரட்டுகிறது;
உள்ளே ஒரு இலை அசையவில்லை.
தட்டிவிடணும், பத்து மணிக்கு,
மகரந்தம் ஈரம் போய் உதிர்கிற நேரத்துக்கு, என்றார் மேடம்.
குச்சியால் தட்டினேன்.
இரண்டு கொத்து ஒடிந்து கையோடு வந்தது.

அப்போதுதான் இடுப்பில் செருகிய போன்
சத்தமில்லாமல் உதறியது. வீரையன்.
எடுக்கவில்லை.
ஏன் செய்தேன் என்று தெரியாது,
அதை அப்படியே ஒரு பூக்காம்பில் சாய்த்தேன்.
ர்ர்ர்...
மஞ்சள் தூசி
அவன் பெயர் மேல் விழுந்தது.

ராத்திரி சொன்னேன்:
தினம் பத்து மணிக்குக் கூப்பிடு. எடுக்க மாட்டேன்.
கோபமா?
இல்லை. காய் பிடிக்க.
அவன் சிரித்தான்,
அல்லது சிக்னல் விட்டு விட்டு வந்தது.

மஸ்கட்டில் அப்போது எட்டரை.
கலவை வண்டி வருமுன்
சாரத்தடியில் நின்று கூப்பிடுவான், நிற்கும், கூப்பிடுவான்.
ஒரு அழைப்புக்கு நாலு செடி.
அவன் கைக்கு எட்டாத வரிசைகளுக்கு
நான் கயிற்றை விரலால் சுண்டினேன்.
ஆறு வருஷமாக
சாப்பிட்டாயா, மழையா, பணம் வந்ததா
என்று மூன்றே கேள்வியில் முடிகிற பேச்சு எங்களுடையது.
இப்போது அதுவும் மிச்சம்.
பக்கத்து வயல் சிங்காரவேலு
ஊருக்கே சொல்லிவிட்டார்:
புருஷன் இருபது தடவை கூப்பிட்டாலும்
எடுக்காத பொம்பளை.

தை கடைசியில் பறித்தேன்.
சிலவற்றுக்கு அடிப்பாகம் கறுத்திருந்தது,
சுண்ணாம்புச் சத்துக் குறைவாம்.
மீதி, கும்பகோணத்தில் கிலோ பதினாலு ரூபாய்.
கிரேடு பிரிக்கையில்தான் பார்த்தேன்,
அவனுடைய மூன்றாம் வரிசையில்
செடிக்குச் செடி ஒரே உயரத்தில்
இரண்டு காய்க்கு இடம் விட்டு வெறும் காம்பு.
நோட்டில் தேடினேன். தீபத்துக்கு மறுநாளும்
அதற்கு மறுநாளும் அழைப்பு இல்லை.
கயிற்றில் கை வைக்க
நானும் அன்று மறந்திருக்கிறேன்.

அந்த ரெண்டு நாள் எங்கே போனாய்?
வேலை, என்றான்.
பொய் சொல்லாதே, காம்பு காலியா இருக்கு.
கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
காய்ச்சல், என்றான். எழுந்திரிக்க முடியலை.
யார் கஞ்சி வைத்தார்கள்?
ரூமில் ஒரு வங்காளிப் பையன்.
அவன் பேர் என்ன?
நாற்பது நிமிஷம் ஓடியது அந்த அழைப்பு.

அடுத்த நடவுக்கு உள்ளே
கொட்டாத தேனீப் பெட்டி ஒன்று வைக்கலாம் என்கிறார் ஜெனிட்டா மேடம்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டார்.
கொட்டும், என்றேன்.