டெலிவரி சீட்டின் பின்பக்கம்

மூணு மணிக்குத்தான் போட்டுகள் கிளம்பும்.
அதுவரை முதுநகர் ஐஸ் கம்பெனியில்
கம்ப்ரெசரும் நானும்.
காற்று திரும்பினால் சிப்காட் வாடையும்.

கணக்கு பதினேழு:
ஒரு கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது.
எட்டு மணி நேரத்தில் எத்தனை?

இரண்டின் அடுக்கு இருபத்து நான்கு.
இதை மட்டும் எழுதினால் போதும், மதிப்பெண் உண்டு.
எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.
டெலிவரி சீட்டைத் திருப்பிப்போட்டுப் பெருக்கினேன்.
பத்தாவது வரியில் ஆயிரத்துச் சொச்சம்.
இருபதில் பத்து லட்சம் தாண்டியது.
முடிவில்
ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்து
எழுபத்தேழாயிரத்து இருநூற்றுப் பதினாறு.

என் ஷிஃப்டும் எட்டு மணி நேரம்.
நாங்கள் விற்பது என்னவென்று
அப்போதுதான் புரிந்தது.
கானாங்கெளுத்தியின் செவுளுக்குள்
அந்த இருபத்து நான்கை
மூன்றிலோ நான்கிலோ
பிடித்து நிறுத்திவைக்கிறோம்,
பாருக்கு இவ்வளவு என்று.

புத்தகத்தில் மூன்று மூன்று பூஜ்ஜியமாக கமா.
கம்பெனிக் கணக்கில் இரண்டிரண்டாக.
ராத்திரியில் எனக்கு இரண்டும் கலந்துவிடும்.

மைனஸ் மூன்றை அடைப்புக்குள் வைத்து
வர்க்கம் எடுத்தால் ப்ளஸ் ஒன்பது.
கடனைக் கடனால் பெருக்கினால் வரவு.
வட்டிக்கடை ஜெயபாலிடம்
இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அடுத்து நிகழ்தகவு.
புத்தகத்தில் பகடை, சிவப்புப் பந்து, நீலப் பந்து.
நான் என்னுடையதைப் போட்டேன்:
பரீட்சைக்கு இருபது லட்சம் பேர்,
இடம் ஐயாயிரம்.
மேலே மூன்று பூஜ்ஜியம், கீழே மூன்று,
அடித்துச் சுருக்கினால் நானூற்றில் ஒன்று.
அடித்த பூஜ்ஜியங்களில் எதற்குள்ளோ
மூன்று முறை நான் இருந்திருக்கிறேன்.

மூன்று முறை பூ விழுந்த காசு
நாலாவது முறை தலையாக விழ
வாய்ப்பு எவ்வளவு?
பாதிதான். எப்போதும் பாதி.
காசுக்கு ஞாபகம் கிடையாது.
அதற்கென்ன,
வீட்டில் நாலு பேருக்கு இருக்கிறது.

"அக்கா, நாப்பது பாரு!"
தேசிங்கு கத்துகிறான், லுங்கியெல்லாம் ஈரம்.
கிரஷர் ஓடத் தொடங்கியபின்
யார் பேசுவதும் கேட்காது.
நாற்பது என்று எழுதி, கையெழுத்து வாங்கி,
கிழித்துக் கொடுத்தேன்.

உப்பனாற்று முகத்துவாரத்தில்
போட்டின் விளக்கு சிறுத்தபோதுதான் நினைவு வந்தது:
விடை அந்தச் சீட்டின் பின்னால்.
நனைந்து ஊறி
இந்நேரம் தேசிங்கின் மடியில்
கோடி எது லட்சம் எது என்று தெரியாமல்
மை கலைந்துகொண்டிருக்கும்.

சரி.
இரண்டு.
நான்கு.
எட்டு.