கெண்டை

இரவு இரண்டேகாலுக்கு
என் காலுக்குள் கெண்டை துள்ளும்.
ஆடுசதைக்கு மீன் பெயர் வைத்தவருக்கும்
இந்த வலி வந்திருக்க வேண்டும்.
ஒரு முறுக்கு, அப்புறம் கல்.
கட்டிலைவிட்டு இறங்கி
குளிர்ந்த தரையில் குதிகாலை அழுத்தி நிற்பேன்.
ஜன்னலுக்கு வெளியே
ட்ராம்பேக்குப் போகும் டேங்கர் வண்டி
தடக் தடக்கென்று கடக்கும்.
எண்ணுவேன். வேறென்ன செய்ய.

காட்கோபர் புடவைக் கடையில்
பதினொரு மணி நேரம் நிற்கிற கால் இது.
மடித்ததை விரித்து, விரித்ததை மடித்து,
"வேற கலர்ல இருக்கா?"

முதலில் வாங்கியது விலை குறைந்த ஆக்சைடு.
மூன்றாம் நாள் காலை
குர்லாவுக்கும் வித்யாவிஹாருக்கும் நடுவே
ரயில் நின்றுவிட்டது.
பன்னிரண்டு நிமிடம்.
மனப்பாடமாகத் தெரிந்த வசனமெல்லாம் சொல்லி முடித்தேன்.
உடம்பில் ஏறியது கொஞ்சம்,
மீதியெல்லாம் குடலில் கிடந்து
தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்ததாம்.

மருந்துக்கடை ஹேதல் சிரிக்கவில்லை.
டப்பாவை மாற்றித் தந்தாள்.
"கிளைசினேட். ராத்திரி சாப்பாட்டோட, ஒண்ணே ஒண்ணு."
லேபிளைத் திருப்பிக் காட்டினாள்:
முன்னால் கொட்டை எழுத்தில் ஆயிரம்,
பின்னால் எறும்பு எழுத்தில் நூற்று நாற்பது.
"பின்னால இருக்கிறதுதான் கணக்கு.
முன்னூத்தம்பதைத் தாண்டணும்னா
டாக்டர் சொல்லணும், நான் சொல்லக்கூடாது."

வேறென்ன மாத்திரை என்று கேட்டாள்.
தைராய்டு, விடிகாலை, வெறும் வயிற்றில்.
"அப்போ சரி, நாலு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும்."
பல் பிடுங்கியபோது தந்த ஆன்டிபயாட்டிக்?
அதனோடும் சேர்க்காதே என்றாள்.
ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு
இரண்டுமே வேலைக்குப் போகாதாம்.
எனக்குத் தெரிந்த சில ஜோடிகள் ஞாபகம் வந்தார்கள்.

ஆறு வாரம். கெண்டை அடங்கியது,
முழுக்க அல்ல.
மாத்திரையால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.
அதே வாரம்தான் செருப்பையும் மாற்றினேன்,
டிபனில் கேழ்வரகும் கொண்டைக்கடலையும் ஏறின.

பிறகு ஒரு வியாழக்கிழமை.
சயனிலிருந்து டயாலிசிஸ் முடித்து வந்தான் ஞானதுரை.
மூன்றாம் மணி நேரத்தில்
அவனுக்கும் கால் சுண்டி இழுத்ததாம்,
நர்ஸ் பிடித்துவிட்டாளாம்.
"உன் மாத்திரை ஒண்ணு குடேன்."

மூடியைத் திறந்தேன். மாத்திரை உள்ளங்கைக்கு வந்துவிட்டது.
ஹேதல் முதல் நாளே கேட்டிருந்தாள்:
வீட்டில் யாருக்காவது கிட்னி?
ஆமாம் என்றதும், தந்த டப்பாவைத்
திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவள்.
"உங்களுக்கு அதிகமானது ஒண்ணுக்கில போயிரும்.
அவருக்குப் போக வழியில்ல.
ரத்தத்துல தங்கும்.
சதை தொய்யும், மூச்சு மந்தமாகும்,
நெஞ்சுத் துடிப்பு தப்பும்.
அவங்க டாக்டர் ரத்தம் பார்த்துச் சொல்லாம
பாதி மாத்திரைகூட வேணாம்."

மூடிவிட்டேன்.
"ஒரே கட்டில், ஒரே வலி,
உனக்கு மட்டும் மருந்தா?" என்றான்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
சிரிப்பை நான் திருப்பித் தரவில்லை.

அன்றிரவே டப்பா என் கைப்பைக்கு இடம் மாறியது.
மலச்சிக்கலுக்கென்று அவன் வைத்திருந்த
வெள்ளைத் திரவ பாட்டிலையும்
ஹேதலிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.
பெயர்தான் வேறு, உள்ளே அதே உப்பு.

நேற்று இரண்டேகாலுக்கு
துள்ளியது அவன் கெண்டை.
அவன் பாதத்தை என் வயிற்றில் வைத்து
விரல்களை அவன் முகத்துப் பக்கம்
மெல்ல, மெல்ல வளைத்தேன்.
"வலிக்குதுடி."
"தெரியும். மூச்சை விடு."
கல் இளகிச் சதையாக
வெகு நேரம் ஆனது.

டயாலிசிஸ் டாக்டரிடம் சனிக்கிழமை கேட்க வேண்டும்,
எடையை எவ்வளவு வேகமாக இறக்குகிறார்கள் என்று.
காலண்டரில் எழுதிவைத்தேன்.

வெளியே ட்ராம்பே வண்டி.
இருட்டில் அவன் குரல்:
நாற்பத்தேழு.
நான் எண்ணியது நாற்பத்தாறு.