கோட்டில் விழுந்த கோடு

பால் வண்டியை நிறுத்திவிட்டு
உர்வே களஞ்சியத்துக்குள் நுழையும்போது
விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
எஸ்தோனியாவின் தெற்கு மூலையில் பிப்ரவரி என்றால்
விடும் மூச்சுக்கும் நரை விழும்.

பன்னிரண்டு மீட்டரில் வைக்கோல் கட்டு.
ஆறு அம்புகள்:
மூன்றுக்கு இறகு உண்டு, மூன்று மொட்டை.
இறகு வைத்தவை
நாசூக்கான சொந்தக்காரர்கள் மாதிரி.
நடந்த பிழையை வழியிலேயே மூடிமறைத்து
நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
மொட்டைத் தண்டுக்கு அந்த நாகரிகம் போதாது.
விட்டது எப்படியோ அப்படியே போய்க் குத்தும்.

இடப்பக்கம்.
மறுபடி இடப்பக்கம்.

நாணைக் கழற்றி
நான்கு முறுக்கு ஏற்றி மாட்டினாள்.
பிடிக்கும் நாணுக்கும் நடுவே
நெல் அளவு கூடியது, அவ்வளவுதான்.
அதுவரை உளறிக்கொண்டிருந்த வில்
ஒரே சொல்லில் பேசி நிறுத்தியது.
அம்பு கொளுவும் இடத்துச் சிவப்பு நூலை
நகக்கண் அளவு இறக்கினாள்,
பிறகு அதில் பாதி ஏற்றினாள்.
உயரம் சரியாகிவிட்டது.
இடம் மட்டும் இடமாகவே இருந்தது.

தண்டுதான் விறைப்பு என்று முடிவுகட்டினாள்.
வில்லைத் தாண்டும் அந்த ஒரு நொடியில்
மீன்போல நெளிந்து சுற்றிக்கொண்டு போகத் தெரியாத
பைன் மரம்.
இரவுகளில், கொதிகலன் அருகே,
உப்புத்தாளை மடித்துப் பிடித்து
தண்டைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தாள்.
மடியெல்லாம் மாவு.

பண்ணை ஆய்வுக்கூடத்தில் ஹெல்யோ
பாலின் கொழுப்புக்கு வைத்திருக்கும் தராசில்
கனத்த முனைகளை நிறுத்துக் கொடுத்தாள்.
"எட்டு கிராம். கடைந்தாலும் வெண்ணெய் வராது."
தலை கனத்தால் உடல் இளகும்.
இளகியது.
மார்ச் முடிவதற்குள்
மொட்டையும் இறகும் ஒரே கட்டில் தோள் உரசி நின்றன.
உர்வே யாரிடமும் பெருமை அடிக்கவில்லை.
ஹெல்யோவிடம் மட்டும்.
அதுவும் இரண்டு தடவை.

ஏப்ரலில் கூரை சொட்டத் தொடங்கியது.
கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
சட்டையோடு நின்று எய்தாள்.
வலம். வலம்.
மூன்றாவது கட்டையே விட்டுவிட்டு
ரை மூட்டைக்குள் புகுந்தது.

நூலைப் பார்த்தாள். முனையைத் திருகிப் பார்த்தாள்.
வில் கோணிவிட்டதா என்று
விளக்குக்கு எதிரே நீட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.
விரல்களைச் சந்தேகித்தாள்,
இரவு வேலையை, வந்துகொண்டிருக்கும் ஐம்பதை.

குளிர் அடிக்கவே கோட்டை எடுத்துப் போட்டாள்.
சும்மா ஒன்று விட்டாள்.
நடு.
கழற்றினாள்: வலம்.
போட்டாள்: நடு.

இடக்கைத் துணியில்
மணிக்கட்டு முதல் முழங்கை வரை
ரோமம் தேய்ந்து மினுங்கும் ஒரு கோடு.
ஒவ்வொரு முறையும் நாண் உரசிப் போன தடம்.
வில்லுக்குச் சுதி கூட்டுவதாக எண்ணி
ஒரு குளிர்காலம் முழுக்க
கோட்டுக்குக் கூட்டியிருக்கிறாள்.

"சாத்தானே" என்றாள்,
எந்தச் சாத்தானை என்று தெரியவில்லை.
பிறகு வைக்கோலில் உட்கார்ந்து
கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

தேய்த்த மரம் திரும்பி வளராது.
ஆனால் குட்டையானது விறைக்கும்.
ரம்பத்தால் அரை விரல் வெட்டி எய்தாள்.
போதவில்லை.
இன்னும் கால் விரல்,
இதற்கு மேல் போனால் முனை கையைக் கிழிக்கும்.
ரொட்டி சுடும் தாளைச் சட்டத்தில் ஒட்டி
இறகு வைத்த ஒன்றை அதன் வழியே அனுப்பினாள்.
தாளில் ஒரே துளை,
துளையிலிருந்து மூன்று கீறல்.
தமிழ் தெரிந்திருந்தால் ஆய்தம் என்றிருப்பாள்.
தெரியாததால் வாத்தின் கால் என்றாள்.

ஐந்தை வெட்டினாள்.
ஆறாவதைத் தொடவில்லை.
அதன் பக்கவாட்டில் பென்சிலால்
'நவம்பர்' என்று எழுதி
கோட்டின் இடக்கைக்குள் செருகிவைத்தாள்.